சிறுதீவு உயிரோடுதான் இருக்கிறதா?

வெள்ளவத்தையில் இரத்தப் பரிசோதனை ரிப்போட் வாங்குபவருக்கு சீனி அளவு டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்தான் பழக்கம். சாப்பிடாமல் எடுத்தது 126, இன்னொரு நாளும் குறையாமல் அதே அளவு என்றால் நீரிழிவு. ஆய்வுக் கட்டுரையில் இருப்பதோ 2.8, 16.7 என்ற எண்கள். அவை லீற்றருக்கு மில்லிமோல், 18ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 50, 300. சதையியில் இன்சுலின் சுரக்கும் பீட்டாக் கலங்களுக்கு ஆய்வுகூடங்கள் வைக்கும் பரீட்சை பெரும்பாலும் இந்த இரண்டு அளவிலும்தான். 50இல் அவை அடங்கியிருக்க வேண்டும், 300இல் இன்சுலினைக் கொட்ட வேண்டும்.

பீட்டாக் கலங்கள் இருப்பது லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகளுக்குள். உயர்தரத்தில் படம் கீறிய அதே தீவுகள். சதையியின் நிறையில் அவை 1 முதல் 2 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் சமிபாட்டு நொதியம் சுரக்கும் இழையம். கொலாஜினேஸ் கொண்டு அதைக் கரைத்துத் தீவுகளைப் பிரிக்கிறார்கள். பிரித்த அன்றே சோதிக்கக்கூடாது. கொலாஜினேஸ் தீவுகளையும் கடித்திருக்கும், பதில் மந்தமாக வரும். ஓரிரவாவது வளர்ப்பூடகத்தில் ஆறவிடுங்கள்.

மறுநாள் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரே அளவானவையாக 10 அல்லது 20 பொறுக்குங்கள். நல்ல தீவு உருண்டையாக, விளிம்பு தெளிவாக இருக்கும். நடுவில் கபில நிறமாக இருண்டிருந்தால் விட்டுவிடுங்கள்: 200 மைக்ரோமீற்றரைத் தாண்டிய தீவுகளில் ஒட்சிசன் உள்ளே போய்ச் சேராமல் நடுக்கலங்கள் செத்துப்போகின்றன. டிதைசோன் என்ற சாயம் போட்டால் சிவப்பாவது துத்தநாகம் இருப்பதால்தான். அது பீட்டாக் கலம் என்பதற்கு அடையாளம், உயிரோடு இருக்கிறது என்பதற்கு அல்ல.

கிரெப்ஸ் கரைசல் எனும் உப்புக் கரைசலில் 0.1 சதவீதம் அல்புமின் சேருங்கள். இல்லாவிட்டால் வெளிவரும் இன்சுலின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு கணக்கே பிழைத்துவிடும். 37 பாகையில், குளுக்கோசு 2.8இல் ஒரு மணித்தியாலம் வைத்து, கரைசலை அகற்றிவிடுங்கள், இது கழுவல். பிறகு புதிய 2.8இல் ஒரு மணித்தியாலம், 16.7இல் ஒரு மணித்தியாலம், ஒவ்வொன்றின் முடிவிலும் மாதிரி. பிந்தியதை முந்தியதால் வகுத்தால் தூண்டற் சுட்டி.

இந்தச் சுட்டியை மட்டும் நம்பி எழுதும் கட்டுரைகள்தான் மனதை வருத்துகின்றன. சாகும் கலம் இன்சுலினைக் கசியவிடும், 2.8இலேயே அளவு ஏறி, சுட்டி 1ஐ நோக்கி இறங்கும். உடனே "பீட்டாக் கலம் குளுக்கோசை உணரவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். பிப்பெற்றை வேகமாக இழுத்துத் தீவைக் கிழித்தாலும் இதே விளைவுதான். ஆகவே கடைசியில் தீவுகளை அமில எதனோலில் கரைத்து மொத்த இன்சுலினையும் அளந்து, சுரந்தது அதில் எத்தனை சதவீதம் என்று கொடுங்கள். இன்னொரு தொகுதிக்கு 30 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைட்டும் வையுங்கள், அது குளுக்கோசை எரிக்காமலே இன்சுலினை வெளியேற்ற வைக்கும். அதற்கு இன்சுலின் வந்து 16.7க்கு வராவிட்டால், வெளியேற்றும் பொறி சரி. பழுது பெரும்பாலும் குளுக்கோசை எரித்துச் சக்தியாக்கும் பக்கத்தில்.

2000இல் வெளியான ஆய்வின்படி, கனடாவின் எட்மன்டனில் நீரிழிவுக்குச் சிறுதீவு மாற்றுச் சிகிச்சை பெற்ற 7 பேரில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு கொடையாளிகளின் தீவுகள் தேவைப்பட்டன. அப்படிக் கிடைப்பதைப் பிழையாக அளந்து வீணாக்க முடியாது.

மாற்றிய தீவு உடம்புக்குள் வேலை செய்கிறதா என்று பார்க்க சீ-பெப்டைட் அளக்க வேண்டும். பீட்டாக் கலம் ஒவ்வொரு இன்சுலின் மூலக்கூறுடனும் ஒரு சீ-பெப்டைட்டை வெளியிடும். ஊசியாகப் போடும் இன்சுலினில் அது இல்லை.