8 கி.மீ. கேபிளும் காணாமல் போன பாதி டேட்டாவும்

கடலடிப் பாறையைப் படிக்கும் நில அதிர்வு (சீஸ்மிக்) ஆய்வில் கப்பல் இழுத்துச் செல்லும் உணர்கருவிக் கேபிள் 8 கி.மீ. நீளம். கைக்கு வந்த கேதரை (ஒரே இடத்தின் எதிரொலிப் பதிவுகளான டிரேஸ்களை அடுக்கிய தொகுப்பு) திறந்தால், 2 வினாடி ரிஃப்ளெக்டரில் (ஒலி 2 வினாடியில் போய்த் திரும்பும் பாறை மட்டம்) 4 கி.மீ. ஆஃப்செட்டுக்கு (ஒலிமூலத்துக்கும் உணர்கருவிக்கும் உள்ள தூரம்) அப்பால் எல்லாமே பூஜ்யம். முன்பு பிராசஸ் செய்தவர்கள் என்.எம்.ஓ. (தூரத்து டிரேஸில் எதிரொலி தாமதமாவதை வெலாசிட்டி, அதாவது பாறையில் ஒலியின் வேகம், கொண்டு தட்டையாக்கும் திருத்தம்) போட்டு, 30 சதவீத ஸ்ட்ரெட்ச் மியூட் (அத்திருத்தத்தில் அதற்கு மேல் இழுபட்ட பகுதியைப் பூஜ்யமாக்குவது) அடித்து, என்.எம்.ஓ.வை மட்டும் கழற்றி அனுப்பியிருந்தார்கள். என்.எம்.ஓ.வைக் கழற்றலாம், மியூட்டைக் கழற்ற முடியாது. ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. லாங் ஆஃப்செட் வேலையில் இறங்குபவர்கள் முதல் நாளே நாலைந்து கேதர்களை விரித்து, கடைசி டிரேஸ் வரை சிக்னல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஃபீல்டு டேப்பிலிருந்து மறுபடி ஏற்றியது, நாய்ஸ் நீக்கம், டீகான் (அலையைக் கூர்மையாக்கும் டீகான்வல்யூஷன்) எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

அடுத்த அடி நாங்களே தேடிக்கொண்டது. முழு ஆஃப்செட்டையும் செம்பிளன்ஸில் (எந்த வெலாசிட்டியில் டிரேஸ்கள் நன்றாக ஒத்துப்போகின்றன என்று காட்டும் பேனல்) போட்டு, வழக்கமான ஹைப்பர்போலா வளைவிலேயே வெலாசிட்டியைப் பிக் செய்தோம் (தேர்ந்தெடுத்தோம்). தூரத்து டிரேஸ் இருந்தால் வெலாசிட்டி கூர்மையாகும் என்ற கணக்கு தப்பில்லை. 2 வினாடியில் 2500 மீ/வி உள்ள இடத்தில் 50 மீ/வி பிசகினால் 3 கி.மீ. ஆஃப்செட்டில் 12 மில்லிசெகண்ட்தான் தெரியும், 6 கி.மீ.யில் 36 தெரியும். ஆனால் அதே 6 கி.மீ.யில் ஷேல் என்ற களிப்பாறையின் அனைசோட்ரோபி (திசைக்குத் திசை ஒலி வேகம் மாறுவது) அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. அந்த அனைசோட்ரோபியை அளக்கும் ஈட்டா 0.1 இருந்தாலே ரிஃப்ளெக்‌ஷன் கிட்டத்தட்ட 100 மில்லிசெகண்ட் முன்னதாக வந்துவிடும். 30 ஹெர்ட்ஸ் அலைக்கு அது மூன்று சைக்கிள். ஹைப்பர்போலா அந்த முனையை எட்டிப் பிடிக்கப் போனால் வெலாசிட்டி 2640 வரை ஏறும்; 3 கி.மீ. பக்கம் கேதர் 17 மில்லிசெகண்ட் தொய்ந்து நிற்கும். செம்பிளன்ஸ் பேனலில் இது அழகான, சற்றே அகன்ற புள்ளியாகத்தான் தெரியும். பேனலை நம்பி எடுத்த பிக் அத்தனையும் குப்பைக்குப் போனது.

பிறகு இரண்டு சுற்றாகப் பிரித்ததும்தான் வழிக்கு வந்தது. முதல் சுற்றில் ஆஃப்செட் ஆழத்தைத் தாண்டாதபடி மியூட் வைத்து வெலாசிட்டி மட்டும். இரண்டாவதில் அந்த வெலாசிட்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு, மியூட்டை 60 சதவீதம் வரை திறந்து, அனைசோட்ரோபியையும் கணக்கில் எடுக்கும் அல்கலிஃபா–ஸ்வான்கின் (1995) சமன்பாட்டில் ஈட்டாவை 0.01 படியில் ஸ்கேன் செய்தோம். ஆஃப்செட் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்காவது இல்லாவிட்டால் ஈட்டா பிக் வெறும் ஊகம்தான். அப்படிப்பட்ட ஆழங்களில் மேலடுக்கின் மதிப்பையே கீழே இழுத்துவிடுவது மேல். ஈட்டா வந்ததும் வெலாசிட்டிக்குத் திரும்பி ஒரு சின்னத் திருத்தம் அவசியம். அருகு ஆஃப்செட்டிலும் ஈட்டாவின் சாயல் கொஞ்சம் ஏறியிருக்கும்: ஆழமும் ஆஃப்செட்டும் சமமாக இருக்கும் இடத்திலேயே 8, 9 மில்லிசெகண்ட்.

வளைவை வைத்து எதிரொலிகளைப் பிரிக்கும் ரேடானில் ஒரு கண்ணி இருக்கிறது. மல்டிபிளை (பலமுறை எதிரொலித்து வருவது) நீக்க பாரபாலிக் ரேடானை ஈட்டா திருத்தத்துக்கு முன்பே ஓட்டினால், பிரைமரியின் (ஒரே முறை எதிரொலித்த சிக்னல்) தூரத்து முனை ஹாக்கி மட்டை போல மேலே சுருண்டிருக்கும். மூவ்அவுட் (ஆஃப்செட்டோடு நேரம் விலகும் அளவு) வரம்பை மைனஸ் பக்கம் தாராளமாக, −150 மில்லிசெகண்ட் வரையாவது, திறந்துவையுங்கள். இல்லையென்றால் அந்த எனர்ஜி மல்டிபிள் பக்கம் சிதறி, கழிபடும்போது பிரைமரியும் சேர்ந்து போகும்.

சில லைன்களில் ஈட்டா பட்டை பட்டையாக, கப்பல் போன திசையிலேயே மாறியது. பாறையில் அப்படி இருக்காது. காரணம் ஃபெதரிங் (நீரோட்டத்தில் கேபிள் பக்கவாட்டில் ஒதுங்குவது). கேபிள் 10 டிகிரி ஒதுங்கினால் 8 கி.மீ. வால் பக்கவாட்டில் 1.4 கி.மீ. நகரும். ஆஃப்செட் மாறாது, ஆனால் மிட்பாயிண்ட் (மூலத்துக்கும் உணர்கருவிக்கும் நடுப்புள்ளி) 700 மீட்டர் தள்ளிப் போய்விடும். குறுக்குச் சரிவு உள்ள இடத்தில் அது ஈட்டா மாதிரியே வேஷம் கட்டும். அந்த லைன்களில் ஈட்டாவைப் பிக் செய்யாமல் பக்கத்து லைனிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

ஏ.வி.ஓ.வில் (ஆஃப்செட்டோடு எதிரொலியின் வீச்சு மாறுவது) போலாரிட்டி, அதாவது அலையின் குறி, புரளும் மட்டங்களில் செம்பிளன்ஸ் பீக்கே மறைந்துவிடும். அங்கே கேதரைப் பார்த்துக் கையால்தான் பிக்.

கடைசியில் கேதர் 6 கி.மீ. வரை தட்டையானது. அந்த மகிழ்ச்சியில் இதே வெலாசிட்டியைக் கொண்டு ஆழம் போட்டுவிடாதீர்கள். என்.எம்.ஓ. வெலாசிட்டிக்குள் டெல்டா என்ற இன்னொரு அனைசோட்ரோபி அளவு ஒளிந்திருக்கிறது, அதை ஈட்டா காட்டாது. கிணற்று செக்‌ஷாட் (கிணற்றுக்குள் ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒலி செல்லும் நேரத்தை அளப்பது) வந்த பிறகுதான் நாங்கள் டெப்த் மேப்பைத் தொட்டோம்.