பெட்ராவில் சுவரைப் பார்த்துக்கொண்டு

ஜோர்டானில் பாறையைக் குடைந்து கட்டிய பழைய நகரம் பெட்ரா. அதற்குள் போகிற வழியான சிக் என்கிற குறுகிய மலை இடுக்கில் நடக்கிற எல்லாரும் போனை முன்னால் நீட்டிக்கொண்டே போகிறார்கள், கடைசித் திருப்பத்தில், பாறையில் செதுக்கிய கஸ்னே என்கிற கட்டடத்தின் முகப்பு தெரிகிற நொடியைப் பிடிக்க வேண்டுமாம்.

நான் சுவரைத் தடவிக்கொண்டு போனேன்.

பாறையிலேயே வெட்டிய வாய்க்கால் ஒரு பக்கம், சுட்டமண் குழாய் பதித்த தடம் இன்னொரு பக்கம். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள இடுக்கில் நம் கூடவே வருகின்றன. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் இந்த நகரைக் கட்டிய நபத்தேயர்கள் என்ற பழைய அரபு மக்கள் ஊற்றுத் தண்ணீரை இப்படித்தான் நகருக்குள் கொண்டுபோனார்கள்.

வெள்ளத்துக்கும் வழி செய்திருக்கிறார்கள். சிக் வாசலில் அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த அணை சிதைந்து போயிருந்த காலத்தில், 1963-இல், திடீர் வெள்ளம் வந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இதே இடுக்கில் இறந்தார்கள். அப்புறம்தான் பழைய இடத்திலேயே மறுபடி அணை எழுந்தது.

கஸ்னே அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஏதோ ஒரு அரசனின் கல்லறை முகப்பாக இருக்கலாம் என்கிறார்கள், எனக்கென்னவோ உயிரோடு இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த இந்த வாய்க்கால்தான் பிடித்தது.

போகிறவர்கள், கூட்டம் வருமுன் காலையிலேயே போய்விடுங்கள். சுவருக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.