வீட்டில் கேம்ரி நிற்கிறது, மகன் ஓட்டக் கூடாது

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பதினேழு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் 130 என்ற எண் அடிக்கடி காதில் விழும். காரின் இன்ஜின் திறனை அதன் எடையால் வகுத்தால் டன்னுக்கு இத்தனை கிலோவாட் என்று ஒரு கணக்கு வரும். அது 130-ஐத் தாண்டினால் பி பிளேட் ஓட்டுநர், அதாவது புதிதாக உரிமம் வாங்கி, காரில் P என்ற பலகையை ஒட்டிக்கொண்டு ஓட்டுபவர், அந்தக் காரை ஓட்டக் கூடாது. சிவப்பு பி ஓராண்டு, பச்சை பி இரண்டாண்டு. ஆகக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு இந்தத் தடை. எங்கள் மகன் சிவப்புப் பலகை வாங்கியபோது வீட்டில் இருந்த ஒரே கார் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

பந்தயக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். 2018 மாடல் டொயோட்டா கேம்ரி. மளிகைக்கும், மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கும், விமான நிலையத்துக்கும் போய்வரும் வெள்ளை நிறக் குடும்பக் கார். ஆனால் என் கணவர் வாங்கியது ஆறு சிலிண்டர் வகை. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது நிம்மதியாக இருக்கும் என்று அன்று சொன்னார். அந்த நிம்மதியின் அளவு 224 கிலோவாட். எடை சுமார் 1,600 கிலோ. வகுத்தால் 140. எதிர்வீட்டில் அதே ஆண்டு, அதே உடல், அதே வெள்ளையில் நான்கு சிலிண்டர் கேம்ரி நிற்கிறது. அதற்கு 133 கிலோவாட்தான், கணக்கு 90-ஐ ஒட்டி வரும். அந்த வீட்டுப் பெண் பி பிளேட் ஒட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்வருகிறாள்.

விதி இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் மறந்தாலும் எந்தக் கார் தடை, எது தடையில்லை என்பது மறக்காது. ஆனாலும் என் கணவர் கடைசிவரை நம்பவில்லை. "கேம்ரிக்கெல்லாமா தடை போடுவார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதிவுச் சான்றை எடுத்து மேசையில் விரித்து, மகன் கால்குலேட்டரில் போட்டுக் காட்டிய பிறகுதான் அடங்கினார். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கணக்கில் வருவது வெற்று எடை, அதாவது ஆளும் சரக்கும் இல்லாமல், டாங்கில் பத்து லிட்டர் எரிபொருள் மட்டும் இருக்கும்போது உள்ள எடை. விளம்பரங்களில் போடுவது பெரும்பாலும் டாங்க் நிறைந்த எடை. அதை வைத்து வகுத்தால் விடை கொஞ்சம் குறைவாக வரும். 128, 129 என்று விளிம்பில் நிற்கும் காரை வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதற்கும் போக்குவரத்துத் துறையின் இணையப் பக்கத்தில் மாடலையும் ஆண்டையும் போட்டுத் தேடிவிடுவது நல்லது.

இந்தத் தடை 2005-இல் வந்தபோது வேறு மாதிரி இருந்தது. எட்டு சிலிண்டர் கூடாது, பெட்ரோல் டர்போ கூடாது, சூப்பர்சார்ஜர் கூடாது என்று இன்ஜினின் வகையைப் பார்த்தார்கள். பிறகு சாதுவான சின்னக் கார்களுக்கெல்லாம் எரிபொருள் மிச்சம் பிடிக்க டர்போ வந்துவிட்டது. 2014 ஆகஸ்ட் முதல் திறனையும் எடையையும் வகுக்கும் முறைக்கு மாறினார்கள். விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் இதே 130தான், விவரங்களில் மட்டும் வேறுபாடு. மாற்றம் நியாயமானதுதான். ஆனால் வகுத்தல் கணக்குக்கு உரிய வேடிக்கைகளும் கூடவே வந்தன. எங்கள் தெருக்கோடியில் ஒருவர் லேண்ட்குரூசர் 200 வைத்திருக்கிறார். எட்டு சிலிண்டர், இரட்டை டர்போ டீசல், 200 கிலோவாட். எடை 2,700 கிலோ என்பதால் கணக்கு 75-ஐக்கூடத் தொடாது. நேற்று உரிமம் வாங்கிய பிள்ளை அதைத் தாராளமாக ஓட்டலாம். எதிரே சைக்கிளில் வருபவரின் பக்கமிருந்து யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை போலும்.

இதைவிட வேடிக்கை, எல் பலகைக் காலம் முழுவதும் மகன் ஓட்டிப் பழகியது அதே கேம்ரியில்தான். இந்தத் தடை பழகுநருக்குக் கிடையாது, பக்கத்தில் முழு உரிமம் உள்ளவர் உட்கார்ந்திருந்தால் போதும். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் லாக் புக்கில் 120 மணி நேரம் காட்ட வேண்டும், அதில் 20 மணி நேரம் இரவில். பயிற்றுநரோடு ஓட்டும் ஒரு மணி நேரத்தை மூன்றாக எழுதிக்கொள்ளலாம், பத்துப் பாடம்வரை. பாதுகாப்பான ஓட்டுநர் வகுப்புக்குப் போனால் இன்னொரு 20 மணி நேரம் கழியும். மீதியைப் பெற்றோர்தான் சுமக்க வேண்டும். ஓடோமீட்டர் எண், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், மழையா வெயிலா, சாலை எப்படி, கடைசியில் கையெழுத்து. எங்கள் லாக் புக்கின் இரவுப் பக்கங்களில் பாதிக்கு மேல் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்த் திரும்பியவை. அந்த ஆண்டு பெருமாளுக்கு எங்கள் முகம் நன்றாகப் பழகியிருக்கும்.

நான் திருச்சியில் எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவள். அங்கே பதினெட்டு வயதில் கார் உரிமம் வாங்கினால் அன்றைக்கே எவ்வளவு திறனுள்ள காரையும் ஓட்டலாம். தடுப்பது அப்பாவின் சாவி மட்டும்தான். அதனால் இங்குள்ள படிப்படியான ஏற்பாடு எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆபத்தைக் கண்டறியும் கணினித் தேர்வு, அதன் பிறகு ஓட்டுத் தேர்வு. இரண்டும் ஒழுங்காக முடிந்தன, சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. தேர்வுக்குப் பயிற்றுநரின் காரில் போனான்.

பலகை கைக்கு வந்த பிறகு எங்களுக்கு இருந்த வழிகள் மூன்று. முதலாவது, விலக்குக் கேட்டு விண்ணப்பிப்பது. வேலைக்கு அந்த வண்டியையே ஓட்டியாக வேண்டும் என்பது போன்ற தக்க காரணம் இருந்தால் கொடுப்பார்கள், அனுமதிக் கடிதத்தைக் காரில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். வீட்டில் வேறு கார் இல்லை என்பது அவ்வளவு பெரிய காரணம் ஆகாது. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது வழியை என் கணவரின் நண்பர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார். "யார் பார்க்கப் போகிறார்கள்? கேம்ரியைப் போலீஸ் நிறுத்தவா போகிறது?" நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். தடை செய்யப்பட்ட காரை ஓட்டினால் அபராதமும் ஏழு தண்டப் புள்ளிகளும். சிவப்பு பி ஓட்டுநரின் கணக்கு நான்கு புள்ளியோடு முடிந்துவிடும், பச்சைக்கு ஏழு. ஒரே தடவையில் உரிமம் போய்விடும். இதைவிடப் பெரியது காப்பீடு. ஓட்ட அனுமதியில்லாதவர் ஓட்டி மோதினால் இழப்பீடு தர நிறுவனம் மறுக்கலாம். எதிரே வந்தது விலையுயர்ந்த கார் என்றால் வீட்டுக் கடனோடு அந்தக் கடனும் சேரும். நண்பருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

மூன்றாவது, இன்னொரு கார் வாங்குவது. இங்கேதான் உண்மையான அலைச்சல் தொடங்கியது.

சட்டம் எந்தக் கார் கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது. எது நல்லது என்று சொல்வதில்லை. என் மகன் அந்த இடைவெளியை நன்றாகப் புரிந்துவைத்திருந்தான். "அம்மா, நீயே பார், இது 123தான்" என்று ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஒன்றைக் காட்டினான். 162 கிலோவாட் டர்போ. கணக்குப்படி சரிதான். நூறு மீட்டருக்குள் சிரிப்பை வரவழைக்கும் கார் என்று அதை ஓட்டியவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம் என்றேன். அப்பாவிடம் போனான். "அம்மா சொன்னால் சரி" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

இதற்கு நேர் எதிரான யோசனை சொந்தத்திலிருந்து வந்தது. உறவினர் ஒருவர் தன் பழைய சின்னக் காரைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். முன்னால் இரண்டு ஏர்பேக், பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. வளைவில் வண்டி வழுக்கினால் சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் விற்கும் புதிய பயணிகள் கார் எல்லாவற்றிலும் அது கட்டாயமானது 2013 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கார்களில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இடித்துப் பழகட்டும் என்று பிள்ளைக்கு ஒரு ஓட்டை வண்டியை வாங்கிக் கொடுப்பது இங்கே எல்லாச் சமூகத்திலும் உள்ள வழக்கம். வீட்டிலேயே அனுபவம் குறைந்த ஆளுக்கு வீட்டிலேயே பாதுகாப்புக் குறைந்த காரா? 130 விதியைக் கொண்டு வந்தவர்கள் இந்தப் பக்கத்துக்கும் ஒரு கோடு போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். திறன் மிகுந்த காரை வாங்கப் பணம் உள்ள பிள்ளைகள் சிலர்தான். பழைய தகரத்தில் போகிறவர்கள் ஏராளம்.

உறவினரிடம் பக்குவமாக மறுப்புச் சொல்லிவிட்டு, மொனாஷ் பல்கலைக்கழக விபத்து ஆய்வு மையம் வெளியிடும் பழைய கார்களின் பாதுகாப்பு மதிப்பீட்டைப் பார்க்கத் தொடங்கினேன். ஆய்வகத்தில் சுவரில் மோதிப் பார்த்ததை வைத்து வருவதில்லை அது. உண்மையான விபத்துகளின் காவல்துறைப் பதிவுகளை வைத்து, உள்ளே இருந்தவருக்கு எவ்வளவு அடி என்று பார்க்கிறார்கள். உங்கள் கார் மற்றவருக்கு எவ்வளவு தீங்கு செய்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். லேண்ட்குரூசர் விஷயத்தில் நான் கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் தேடும் ஆட்கள் இருந்தார்கள்.

தேடல் கடைசியில் 2015-ஐ ஒட்டிய கொரோலா, மஸ்தா 3 என்று சுருங்கியது. கொரோலாவுக்கு 103 கிலோவாட், கணக்கு 80 அளவில் வரும். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், ஆனால் ஒத்துக்கொண்டான்.

பிளாக்டவுன் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கொரோலா இல்லை, மகனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பார்க்கச் சம்மதித்த வேறொரு சின்ன டர்போ கார். தாளில் எல்லாம் சரி. எங்களோடு வந்த மெக்கானிக் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். பானெட்டைத் திறந்தார், டார்ச்சை அடித்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் காற்றுப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பளபளப்பான குழாயும், அதன் நுனியில் கூம்பு வடிவில் சிவப்பு வடிகட்டியும் இருந்தன. "அக்கா, இது கம்பெனி போட்டது இல்லை. உள்ளே கம்ப்யூட்டரையும் மாற்றியிருப்பான், கேட்டுப் பாருங்கள்" என்றார். விற்ற பையனிடம் கேட்டோம். ஒளிக்கவில்லை, பெருமையோடு சொன்னான். இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றியதால் திறன் எவ்வளவோ கூடிவிட்டதாம். பதிவேட்டில் மட்டும் தொழிற்சாலை எண்ணே இருக்கிறது. திறனைக் கூட்ட அனுமதி தேவைப்படும் அளவுக்கு இன்ஜினை மாற்றியிருந்தால், கணக்கு எதுவாக இருந்தாலும் பி பிளேட்டுக்குத் தடைதான். இணையத்தில் தேடியிருந்தால் இந்தக் கார் தடையில்லை என்றே வந்திருக்கும். பழைய டர்போ வாங்குகிறவர்கள் பானெட்டைத் திறக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

கடைசியில் வாங்கியது ஒரு வயதான தம்பதி விற்ற சாம்பல் நிறக் கொரோலா. கடன் பாக்கி இருக்கிறதா என்று இரண்டு டாலர் கட்டிப் பார்த்தோம், பதினான்கு நாளுக்குள் பெயர் மாற்றினோம், விலையில் நூற்றுக்கு மூன்று டாலர் வீதம் முத்திரைத் தீர்வை கட்டினோம். கையைச் சுட்டது காப்பீடு. ஓட்டுபவரின் வயதைப் போட்டதும் கட்டாயக் காப்பீட்டின் தொகை ஏறியது, முழுக் காப்பீடு அதைவிட ஏறியது. காரின் விலையை மட்டும் கணக்குப் போட்டு இறங்கியவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

ஓட்டத் தொடங்கிய பிறகு பார்த்தால், எங்கள் வீட்டில் தினமும் வேலை செய்வது இந்தக் கார்த் தடை இல்லை, மற்ற விதிகள்தான். சிவப்புப் பலகைக்கு 90 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம், எந்த அளவு வேகமீறலும் குறைந்தது நான்கு புள்ளி, அதாவது உரிமம் நிறுத்தம். கைப்பேசியைக் கையில் தொடாமலும் பேசக் கூடாது. இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை 21 வயதுக்குக் குறைந்த ஒருவரை மட்டும்தான் ஏற்றலாம். பள்ளி முடிவு விருந்து அன்று மூன்று நண்பர்கள் அவனை நம்பி வந்திருந்தார்கள். பத்தரை மணிக்கே எனக்கு அழைப்பு வந்தது. ஒருவனை அவன் ஏற்றிக்கொண்டான், மற்ற இருவரைக் கேம்ரியில் நான் கொண்டுபோய் விட்டேன். கூட்டாளிகள் நிறைந்த கார் எந்தத் திறனில் இருந்தாலும் ஆபத்துதான் என்பதால், இந்த ஒரு விதிக்காகவே மற்ற எரிச்சல்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது என் கணவர் கேம்ரியை விற்றுவிட்டு மின்கார் வாங்கும் யோசனையில் இருக்கிறார். இரட்டை மோட்டார் உள்ள பிஒய்டி சீல் மேல் அவருக்குக் கண். 390 கிலோவாட், 2,185 கிலோ. மகன் கால்குலேட்டரை எடுக்காமலே 178 என்றான். "ஒற்றை மோட்டார் பாருங்கள் அப்பா, 112தான் வரும்" என்றும் சொல்லிவைத்தான். மகளுக்கு அடுத்த ஆண்டு பதினாறு வயதாகிறது, எல் பலகைக்கு இப்போதே நாள் எண்ணுகிறாள். ஆகவே ஒற்றை மோட்டார்தான் என்று முடிவாகியிருக்கிறது, நிறம் மட்டும் பாக்கி.