லெசோதோவின் ஜீன்ஸ்

நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த மலைநாடு லெசோதோ. 2000-இல் அமெரிக்கா கொண்டுவந்த ‘அகோவா’ சட்டம், தகுதிபெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் பல பொருள்களுக்குச் சுங்கவரியை நீக்கியது. அதை நம்பித்தான் தலைநகர் மசேருவில் தையல் ஆலைகள் பெருகின. முதலாளிகளில் பலர் தைவான்காரர்கள். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து, லீவைஸ் ஜீன்ஸுக்குப் பை தைத்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். நாட்டுக்கு மிஞ்சியது பெரும்பாலும் அந்தக் கூலிதான்.

2025 ஏப்ரலில் அதே அமெரிக்கா 50 சதவீத வரி என்று அறிவித்தது. ‘எங்களுக்கு விற்கிறீர்கள், எங்களிடம் வாங்குவதில்லை’ என்பதுதான் கணக்காம். கூலிக்குத் தைப்பவள் எந்தக் காசில் அமெரிக்கச் சரக்கை வாங்குவாள்? நல்ல வேடிக்கை! ஆகஸ்டில் வரியை 15 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்குள் ஆர்டர்கள் நின்று, ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது.