புதன்கிழமை காலை ஏரிக்கரையில்

வி.ஆர்.எஸ். வாங்கியவருக்கு வேலை நாளின் காலைப்பொழுது சொந்தமாகிறது. அதன் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒருமுறையும், அடுத்து வரும் புதன்கிழமை ஒருமுறையும் வேடந்தாங்கல் போய்ப் பார்க்கலாம். ஞாயிறன்று காதில் விழுவது மனிதக் கூச்சல். புதனன்று நத்தைகுத்தி நாரைகள் அலகைத் தட்டும் ஓசை தெளிவாகக் கேட்கும்.

சீக்கிரம் ஓய்வு பெற்றவர்களுக்குப் பறவை பார்த்தலைப் பரிந்துரைக்கக் காரணம் முழங்கால். மலையேற்றம் ஆசையாகத்தான் இருக்கும். ஐம்பத்தைந்தில் இறங்கும்போதுதான் மூட்டு கணக்குக் கேட்கும். ஏரிக்கரை சமதளம். மனைவி, பேரப்பிள்ளை, பழைய அலுவலக நண்பர் என யாரையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள். 'ஒருநாள் போகலாம்' என்று சொல்லும் கூட்டம் போகாது. 'புதன் காலை 4.15, உங்கள் தெருமுனை' என்று சொல்லும் கூட்டம் போகும். ஒரு காருக்கு நான்கு பேர் போதும். சென்னையிலிருந்து வேடந்தாங்கல் சுமார் 80 கி.மீ.; போய்வர 10 லிட்டர் பெட்ரோல் வைத்துக்கொண்டால் ஆளுக்கு 250 ரூபாய்க்குப் பக்கம் வரும். காரை வாரம் ஒருவராக மாற்றி எடுங்கள். பணக் கணக்கைவிட, ஒருவர் கார் மட்டுமே தேய்வதுதான் நட்பைக் கெடுக்கும். இன்னும் வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்கலாம். அன்று பிரபலமான சரணாலயத்துக்குப் போகாமல் பக்கத்து ஊர் ஏரிக்குப் போங்கள்.

அடுத்தது பைனாகுலர். இதில்தான் ஓய்வூதியப் பணம் வீணாகும். கடைக்காரர் 12x50 எடுத்து நீட்டுவார். பெரிதாகத் தெரியும்தானே என்பார். பறவையோடு சேர்ந்து கைநடுக்கமும் 12 மடங்கு பெரிதாகத் தெரியும். 8x42 வாங்குங்கள். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அளவு அது. விடிகாலை மங்கல் வெளிச்சத்துக்கு அது தாராளம். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் 'ஐ ரிலீஃப்' (காட்சி முழுதாகத் தெரிய, பைனாகுலரின் பின்கண்ணாடியிலிருந்து கண் தள்ளி இருக்கக்கூடிய தூரம்) 16 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பெட்டியில் பார்க்க வேண்டும். குறைந்தால் நடுவில் சின்ன வட்டம் மட்டும் தெரியும். கண்ணாடியோடு பார்க்கும்போது ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டும். பைஃபோகல் போடுபவர்கள் பைனாகுலரைக் கண்ணாடியின் மேல்பாதியில் வைக்க வேண்டும். கீழ்ப்பாதியில் வைத்துவிட்டு 'ஃபோகஸே ஆகவில்லை' என்று பொருளைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

வாங்கியதும் கண்ணுக்கேற்பச் சரிசெய்ய வேண்டும். வலது கண் பக்கத்து மூடியை மாட்டிவிட்டு, இடது கண்ணால் தூரத்துப் பலகை ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு மூடியை இடது பக்கத்துக்கு மாற்றி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே உள்ள டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வையுங்கள். அடுத்தவரிடம் கொடுத்து வாங்கிய பிறகு எல்லாம் மங்கலாகத் தெரிந்தால், அவர் அதைத் திருப்பியிருக்கிறார் என்று பொருள். கண்புரை அறுவைக்குப் பிறகு இந்த வேலையை மறுபடி செய்தாக வேண்டும்.

சட்டை முனையாலோ வேட்டி முனையாலோ லென்ஸைத் துடைக்காதீர்கள். துணியில் இருக்கும் மணல் துகள் பூச்சைக் கீறும். முதலில் காற்றை ஊதித் தூசியை விரட்டி, மென்தூரிகையால் தட்டி, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. கடலோர ஊர்களில் ஈரத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதே வழி.

லட்ச ரூபாய்க் கேமரா முதல் வருடம் வேண்டாம். எடை ஒரு பக்கம் இருக்கட்டும், கேமரா வைத்திருப்பவர் பறவையைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார்.

ஏரிக்கரையில் எங்கே நிற்பது? வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். நம் கிழக்குச் சமவெளியில் நிலம் கடலை நோக்கிச் சரிவதால், ஊர் ஏரிகளின் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். அதன்மேல் நின்று மேற்கே பார்த்தால் காலைச் சூரியன் தானாகவே பின்னால் வந்துவிடும். ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகும். ஆறு மணிக்குக் கரையில் இருந்தால் ஒன்பது வரை நல்ல நேரம். கூடு இருக்கும் இடங்களில் மாலையும் அருமை: இரை தேடப் போனவை நான்கு மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாகத் திரும்பும்.

பறவையைப் பார்த்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடக்கூடாது. அதற்குள் இடம் தவறிவிடும். பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு 'அதோ, அந்தக் கிளையில்' என்று சொன்னால் தெரியாது. மரத்தைக் கடிகாரமாக நினைத்து 'பட்டமரம், இரண்டு மணி' என்றால் உடனே பிடித்துக்கொள்வார்.

வேடந்தாங்கலில் மழை பெய்து ஏரி நிறைந்த வருடங்களில் கூழைக்கடா, சங்குவளை நாரை, பாம்புத்தாரா, வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். பருவமழை பொய்த்தால் வரவு குறையும். அதனால் நவம்பர் மழையைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுவது நல்லது. எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஏரி இது. பறவைகளைச் சுடாமல் காக்க 1798-லேயே அவர்கள் கலெக்டரிடம் ஆணை வாங்கினார்கள். இதுவும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சென்னைக்குள்ளேயே வேண்டுமென்றால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்.

குழந்தைகளுக்கு அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் பறவைப் பருவத்துக்குள்ளேயே வருகின்றன. பெயர் மனப்பாடம் செய்ய வைத்தால் இரண்டாம் முறை வரமாட்டார்கள். அலகிலிருந்து தொடங்குங்கள்: நத்தைகுத்தியின் அலகு நடுவில் ஏன் இடைவெளி விட்டிருக்கிறது, கரண்டிவாயன் தண்ணீரில் அலகை ஏன் இப்படியும் அப்படியும் வீசுகிறது. பெரியவர்களின் பைனாகுலர் குழந்தையின் கண்ணிடைவெளிக்கு மடங்காது. ஒரு கண்ணில் இருட்டுதான் தெரியும். சிறிய 8x30 ஒன்று அவர்களுக்கென்று இருந்தால் நல்லது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

சாதாரண ஏரிக்கரையில் கழிப்பறை இருக்காது. பெண்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதனாலேயே வீட்டில் தங்கிவிடுகிறார்கள். ஆண்கள் கவனிப்பதே இல்லை. வழியில் எந்த பெட்ரோல் பங்க்கில் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துவைத்து, கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்பி, இட்லியை எட்டரைக்குத் தள்ளினால் சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றும். எந்த நேரத்தில் போடுவது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். பையில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் எப்போதும் இருக்கட்டும். பொட்டலத்துக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லிதான் சரி. தேங்காய்ச் சட்னி வெயிலில் கெட்டுவிடும், சாம்பார் காரில் கொட்டும்.

ரப்பர் செருப்பில் சீமைக்கருவேல முள் நேராக ஏறும். கெட்டி அடி வைத்த ஷூ போடுங்கள். புல்லில் நடந்தால் நாயுருவி விதை வேட்டியெல்லாம் ஒட்டும், ஆகவே பேண்ட்.

பார்த்ததை இ-பேர்ட் செயலியில் பதியுங்கள்: தொடங்கிய நேரம், நடந்த தூரம், எண்ணிக்கை. பொங்கலையொட்டித் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும், மொட்டைமாடியிலிருந்தும் செய்யலாம். மெர்லின் செயலி குரல் கேட்டுப் பெயர் சொல்லும். ஆனால் பல குரல்கள் கலந்தால் அது தவறும். கண்ணால் பார்க்காமல் அது சொன்னதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பறவையை வரவழைக்கப் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவது, கூட்டருகே போவது இரண்டும் கூடாது.

ஏப்ரலுக்குள் ஊசிவால் வாத்துகள் வடக்கே போய்விடும்; ஏரியும் வற்றத் தொடங்கும். கோடையில் புதன்கிழமைக் கூட்டத்தை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் நடத்தலாம். பறவைகளுக்கென்று அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலம் மட்டும் தண்ணீர், நடுவில் ஒரு கல், வைக்கும் இடம் நிழல். ஆழம் கூடினால் தவிட்டுக்குருவி இறங்காது. கொசு முட்டையிடும், ஆகவே தினமும் பழைய நீரைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.