காதுக்கு இதம் தரும் துணிப்பட்டை

நாள் முழுவதும் முகக்கவசம் அணிபவர்களுக்குக் காதின் பின்புறத்தில் எலாஸ்டிக் அழுந்தித் தோல் சிவந்துவிடுவதைப் பார்த்த பிறகுதான், அந்த வளையங்களைப் பின்தலையில் தாங்கிக்கொள்ளும் துணிப்பட்டையைத் தைக்கத் தொடங்கினேன். பருத்தித் துணியை 18 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமுமாக வெட்டி, நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு நீளவாக்கில் மடித்து, சிறு இடைவெளி விட்டு ஓரங்களைத் தைத்துத் திருப்பி, இஸ்திரி போட்டு, விளிம்பையொட்டி மீண்டும் ஒரு தையல் ஓட்டினால் பட்டை தயார்.

இரு முனைகளிலும் பெரிய பொத்தான்களை, எலாஸ்டிக் நுழைய இடம் இருக்கும்படி நூலால் சிறு காம்பு எழுப்பித் தைப்பதே இதில் முக்கியம். துணியோடு ஒட்டித் தைத்த என் முதல் பட்டையில் வளையம் அடிக்கடி நழுவியது. இழுப்பு அதிகமானால் கவசம் கன்னத்தோரம் விலகி இடைவெளி விடும் என்பதால், கண்ணாடி முன் அணிந்து பார்த்துவிட்டே பொத்தானின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.