பெட்டியில் விழாத சீட்டு

பள்ளிகளில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சலர்) வேலை பார்க்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வளரிளம் பருவம் பற்றி வகுப்பெடுத்த பிறகு, பெயர் எழுதாமல் கேள்விச் சீட்டு போட ஓர் அட்டைப்பெட்டி வைப்பேன். முகப்பரு, சுய இன்பம், மாதவிடாய் வலி, காதல் என்று எல்லாம் வரும். ஆணுக்கு ஆண் மீதும் பெண்ணுக்குப் பெண் மீதும் வரும் தன்பாலீர்ப்பு பற்றி மட்டும் பல வருடங்கள் ஒரு சீட்டுகூட வரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படியொரு கேள்வி இல்லை போல என்று நானும் இருந்துவிட்டேன்.

பள்ளியை முடித்துப் போன மாணவன் ஒருவன் ஒருநாள் பார்க்க வந்தான். "மிஸ், உங்க கிளாஸ்ல முதல் பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன். என்னை மாதிரிப் பசங்களைப் பத்தி ஏதாவது சொல்வீங்கன்னு கடைசி வரைக்கும் காத்துட்டிருந்தேன்" என்றான்.

நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. "இந்த வயதில் பையன்களுக்குப் பெண்கள் மீதும், பெண்களுக்குப் பையன்கள் மீதும் ஈர்ப்பு வருவது இயல்பு." பயம் போக்கத்தான் சொன்னேன். அவனுக்கோ தான் அந்த இயல்பில் சேர்த்தி இல்லை என்றுதான் கேட்டிருக்கிறது. வீட்டுக்குப் போய் செல்போனில் தேடியிருக்கிறான். வசவும், ஆபாசப் படங்களும், 'குணப்படுத்துகிறோம்' என்ற விளம்பரங்களும்தான் கிடைத்தன. வகுப்பில் அவனை 'ஒன்பது' என்று கூப்பிட்டதை நானும் கேட்டிருக்கிறேன். விளையாட்டு என்று கடந்துபோனேன். அது இன்றும் உறுத்துகிறது.

2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழும் இரு பெண்கள் தொடர்ந்த வழக்கில் உத்தரவு பிறப்பித்தார். அதற்கு முன், தனக்குத் தன்பாலீர்ப்பு பற்றி முழுதாகப் புரியவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்த ஈர்ப்பையே மாற்றிவிடுவதாகச் சொல்லும் 'மாற்றும் சிகிச்சை' கூடாது என்ற அந்த உத்தரவு, பள்ளிப் பாடங்கள் மாற வேண்டும் என்பதையும் பேசியது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிக்க மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. எனக்கு அது பெரிய உதவி. வசைச் சொல்லைத் தவிர வேறு சொல் தெரியாத வகுப்பில் எதைப் பேச முடியும்?

இப்போது 'தன்பாலீர்ப்பு' என்று பலகையிலேயே எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது, 2018இல் உச்ச நீதிமன்றம் குற்றமில்லை என்றது, இரண்டையும் சொல்கிறேன். சம்மதம், ஆணுறை, போக்சோ சட்டம் பற்றிப் பேசும்போது பையன்களையும் சேர்த்தே பேசுகிறேன். பெரியவர் ஒருவரால் பாதிக்கப்படும் பையன், "நான் இப்படி இருப்பதால்தான் நடந்தது" என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடுவான். இதற்காகவாவது இந்தப் பாடம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

"இல்லாத ஆசையை நீங்களே கிளப்பாதீர்கள்" என்று ஒரு தலைமையாசிரியர் கடிந்துகொண்டார். ஈர்ப்பு வகுப்பெடுத்து வருவதில்லை, பயம்தான் பேசாமல் இருப்பதால் வளர்கிறது என்று சொன்னேன். அரைமனதாகத்தான் விட்டார்.

அப்புறம் சீட்டுகள் வரத் தொடங்கின. "என் ஃப்ரெண்ட் அப்படின்னா நான் எப்படி நடந்துக்கணும்?" என்று ஒன்று. இன்னொன்று, நகம் அளவுக்கு மடித்தது: "அம்மாகிட்ட இப்பவே சொல்லணுமா?"

"அவசரமில்லை. பாதுகாப்பு என்று உனக்குத் தோன்றும்போது சொன்னால் போதும். அதுவரை என்னிடம் வரலாம்." யார் முகத்தையும் பார்க்காமல், பின்சுவரைப் பார்த்தே அந்தப் பதிலை வாசித்தேன்.